அரத்தின் பல்லைப் பார்த்து வாங்குங்கள்: ஐ.டி.ஐ. கருவிக் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கைக்கருவி வாங்கும் அதிகாரிகளுக்கும், ஒப்பந்தப்புள்ளிக் குழு உறுப்பினர்களுக்கும், பண்டகக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைக்கு முதலில் பழக்குவது அரம் போடுவதைத்தான். வைஸில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைப் பிடித்து, 250 மி.மீ. தட்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சமமாக்க வேண்டும். கை பழகாதவர்களுக்கு வாரக்கணக்கில் பிடிக்கிற வேலை இது. கொடுத்த அரத்தின் பல்லே மென்மையாக இருந்தால் என்ன ஆகிறது? அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிள்ளை இன்னும் அழுத்துகிறது. அழுத்தினால் கை ஆடும். கை ஆடினால் நடுவில் மேடும் ஓரங்களில் சரிவும் விழும். அனுபவப்பட்டவர் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தால் குறை அரத்தில் என்று தெரிந்துவிடும். பிள்ளையோ தனக்குக் கை வரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறது. பதினாறு பதினேழு வயதில் ஒருவர் தன் கையைப் பற்றி இப்படி முடிவுகட்டிக்கொள்வது சின்ன விஷயமில்லை.

இதை எழுதுகிற நாங்கள் ஃபிட்டர், தச்சு, ஒயர்மேன் வேலைகளைக் கற்றுக்கொடுப்பவர்கள், பட்டறைகளில் செய்பவர்கள். கேட்பது ஒன்றுதான். பெயரையும் அளவையும் மட்டும் எழுதிக் கருவி வாங்குவதை நிறுத்துங்கள். எந்த எஃகு, எவ்வளவு கடினம், எப்படிச் சோதிப்பது என்பதையும் எழுதுங்கள். சரக்கு வந்ததும் எழுதியபடியே சோதியுங்கள்.

அரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மற்றக் கருவிகள் கெட்டுப்போன விதமும் ஏறத்தாழ இதேதான்.

நல்ல அரத்துக்கு 1.2 சதவீதத்தை ஒட்டிக் கார்பன் உள்ள எஃகு வேண்டும். அடித்து உருக்கொடுத்து, மெல்ல ஆறவிட்டு இளக்கி, முகத்தைச் சாணை பிடித்துச் சமமாக்கி, அதன் மேல் பல் வெட்டுகிறார்கள். கடினப்படுத்துவது அதற்குப் பிறகு. செக்கச் சிவக்கக் காய்ச்சி உப்புநீரில் தோய்க்கிறார்கள். சிக்கல் காய்ச்சும்போதுதான் வருகிறது. சிவந்த எஃகைக் காற்று தொட்டால் மேற்பரப்பில் உள்ள கார்பன் எரிந்துபோகும். அரத்தில் வேலை செய்வதே மேற்பரப்புதான், அதிலும் பல்லின் நுனி. அதனால் ஒழுங்கான ஆலைகளில் அரத்துக்கு உப்புக் கலந்த பசையைப் பூசிக் காய்ச்சுவார்கள், அல்லது உருக்கிய உப்புத் தொட்டியில் அமிழ்த்திக் காய்ச்சுவார்கள். இந்த இடத்தில் காசைப் பிடித்தால் அரத்தின் உடம்பு கெட்டியாகவும் பல்லின் நுனி மட்டும் மெத்தென்றும் ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் இயந்திரத்தில் உடம்பை அழுத்திப் பார்த்தால் 60 எச்.ஆர்.சி.க்கு (ராக்வெல் கடின அளவு) மேல்கூடக் காட்டும். ஆகவே அரத்துக்கு அந்த எண் மட்டும் போதாது, பல்லையும் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. 54 எச்.ஆர்.சி. அளவில் கடினப்படுத்திய ஒரு சின்ன எஃகுத் துண்டை எடுத்து, அதன் விளிம்பை அரத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல பல் பிடித்து இழுக்கும். மென்மையான பல் துண்டை வழுக்கவிட்டுவிடும்; போன தடத்தில் பல் நுனிகள் நசுங்கிப் பளபளக்கும். இன்னொன்று, அரத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். புது அரத்தின் பல் முனைகளில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் திருப்பி அடித்தால் அது வெட்டும்போதே கூர் இல்லாமல் வந்த அரம். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு கம்பியால் தட்டிப் பார்த்தால், விரிசல் இல்லாத அரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். ஐந்து நிமிடத்தில் மூன்று சோதனையும் முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னதும், ‘இப்போது வருவதெல்லாம் சீனச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்’ என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. உலகில் பேர்பெற்ற பல பிராண்டுகளின் ராட்செட் கைப்பிடிகள் தைவானின் தைச்சுங் வட்டாரத்தில்தான் உருவாகின்றன. மெக்கானிக்குகள் குறை சொல்வதில்லை. நம் நாட்டிலேயே ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகௌர் ஆகிய ஊர்களில் கைக்கருவி செய்வது பலருக்குப் பிழைப்பு. ஜலந்தரில் இதற்கென்றே மத்திய கைக்கருவி நிறுவனம் இயங்குகிறது. உலகின் பெரிய அரம் உற்பத்தியாளர்களில் ஒன்று இந்திய நிறுவனம். இந்த ஊர்களிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஸ்பேனர், வாங்குபவர் கொடுத்த குறிப்பின்படி சோதித்த பிறகுதான் கப்பலேறுகிறது. அதே ஊரிலிருந்து நம் ஒப்பந்தப்புள்ளிக்கு வரும் ஸ்பேனரின் வாயை மெக்கானிக் இரண்டாம் மாதமே சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களிடம் நாம் கேட்பதே இந்தத் தரத்தைத்தான்.

அமெரிக்காவில் நடந்ததையும் பார்த்துக்கொள்வது நல்லது. சியர்ஸ் நிறுவனம் 1927-ல் தொடங்கிய கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் வந்த கைக்கருவிக்கு ஆயுள் உத்தரவாதம் இருந்தது. உடைந்தால் கடையில் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம். விலைப்போட்டியில் அதன் தயாரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் கடந்து போனது. 2017-ல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் தானியங்கி இயந்திரங்களோடு ஆலை கட்டி, ராட்செட்டையும் சாக்கெட்டையும் மறுபடி உள்நாட்டிலேயே செய்யப்போவதாக 2019-ல் அறிவித்தது. 2023-ல் அந்த ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அடிப்பதும் காய்ச்சுவதும் தெரிந்த கைகள் ஒருமுறை கலைந்துபோனால், பணத்தைக் கொட்டினாலும் உடனே கூடிவிடுவதில்லை. நம்மிடம் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. அரசின் பெரிய ஆர்டர் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்களும் செய்வார்கள்.

விலையைக் குறை என்றால் கருவி செய்பவர் எங்கே கைவைப்பார் என்பதற்கு ஸ்பேனரே போதும். குரோம் வனேடியம் எஃகை டையில் அடித்து, பிசிறு நீக்கி, 850 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 400 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கிப் பதம் கொண்டுவர வேண்டும். அப்போது 40-லிருந்து 46 எச்.ஆர்.சி. வரை நிற்கும், வாய் விரியாது, ஒடியவும் செய்யாது. முதலில் மாறுவது எஃகு. ‘குரோம் வனேடியம்’ என்று உடம்பில் பொறித்திருக்கும், உள்ளே சாதாரணக் கார்பன் எஃகு இருக்கும். அடுத்தது பதம் போடும் நேரம். அது குறைந்தால் ஸ்பேனர் கண்ணாடிபோலத் தெறிக்கும். மூன்றாவது பலருக்கும் தெரியாதது. முலாம் பூசுவதற்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், பூசும்போதும், எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். பூசி முடித்த கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால்தான் அது வெளியேறும். அடுப்புச் செலவை மிச்சம் பிடித்தால், பளபளவென்று மின்னுகிற ஸ்பேனர் ஒருநாள் பாரம் ஏற்றும்போது முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விடும். நெம்பிக்கொண்டிருப்பவரின் விரல் முட்டிகள் பக்கத்து இரும்பில் போய் மோதும். முலாம் இல்லாமல் கறுப்பாக ஃபாஸ்பேட் பூசிய ஸ்பேனர் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். மினுமினுப்புக்குக் கொடுக்கிற காசை எஃகுக்குக் கொடுக்கலாம்.

ஸ்பேனரின் வாயை அளப்பதும் அவசியம். 13 மி.மீ. ஸ்பேனரின் வாய் கால் மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். 13.3 மி.மீ. தடிமனில் ஒரு தகட்டை உங்கள் ஐ.டி.ஐ. மெஷினிஸ்ட் பிரிவிலேயே கிரைண்டிங் செய்து வைத்துக்கொள்ளலாம். அது உள்ளே போகிற ஸ்பேனரைத் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு அளவுக்கும் இப்படி ஒரு தகடு இருந்தால் பெட்டி பெட்டியாகச் சோதித்துவிடலாம்.

இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடில் ஏமாற்று இன்னும் சுலபம், ஏனென்றால் வித்தியாசம் முழுவதும் பெயின்டுக்குள் மறைந்துவிடுகிறது. ‘பைமெட்டல்’ என்று அச்சிட்ட பிளேடில் முதுகு ஸ்பிரிங் எஃகாகவும், பல் ஓரம் மட்டும் ஹைஸ்பீடு எஃகுப் பட்டையாகப் பற்றவைத்ததாகவும் இருக்க வேண்டும். வெறும் கார்பன் எஃகில் பல் வெட்டி அதே நிறம் அடித்தும் வருகிறது. அறுக்கும் சூட்டில் கார்பன் எஃகின் பல் இளகிவிடும். ஹைஸ்பீடு எஃகு 600 டிகிரி வரை தாங்கும். பிளேடின் பல் ஓரத்தைக் கிரைண்டரில் ஒரு நொடி தொடுங்கள். மங்கிய சிவப்பில், நீளமாக, கிளைக்காமல் பொறி வந்தால் ஹைஸ்பீடு. மஞ்சள் வெள்ளையாகப் பூவாய்ச் சிதறினால் கார்பன் எஃகு. இதற்குக் கண்ணாடி அணிந்த ஒரு பயிற்றுநரும் ஒரு பிளேடும் போதும்.

அடுத்து வருபவை ஆளுக்கே ஆபத்து விளைவிப்பவை. இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கோல்டு சிசல் என்கிற வெட்டுளியின் முனை கெட்டியாக இருக்க வேண்டும், தலை இளக்கமாக இருக்க வேண்டும். சுத்தியல் அடியைத் தலை உள்வாங்கிக்கொண்டு காளான்போல விரியலாம். அதைச் சாணையில் தேய்த்துக்கொள்ளலாம். மலிவு உளியைத் தனித்தனியே காய்ச்ச நேரமில்லாமல் முழுதாக உலையில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். தலையும் கெட்டியாகிவிடுகிறது. அதன் மேல் சுத்தியல் விழுந்தால் சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும். சோதனை: ஒரு நல்ல அரத்தை உளியின் தலையில் போடுங்கள், கடிக்க வேண்டும். முனையில் போடுங்கள், வழுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

சுத்தியலில் தலை வார்ப்பா, அடித்து உருவாக்கியதா என்று பாருங்கள். வார்ப்பில் கண்ணின் உட்புறம் சொரசொரப்பாக மணல் தடத்தோடு இருக்கும். கைப்பிடி நுழையும் கண் நடுவில் குறுகி இருபுறமும் அகன்றிருந்தால்தான் ஆப்பு பிடிக்கும். நேர்க்குழாயாகத் துளைத்த கண்ணில் எவ்வளவு ஆப்பு அடித்தாலும், கைப்பிடி காய்ந்து சுருங்கியதும் தலை பறந்துவிடும். பச்சை மரக் கைப்பிடியோடு மழைக்காலத்தில் வந்து இறங்கும் சுத்தியல்கள் சித்திரையில் ஆட ஆரம்பிப்பது இதனால்தான். இழை கைப்பிடியின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் அங்கேதான் முறியும்.

ஒயர்மேன், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு வாங்கும் கட்டிங் பிளையரைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக் உறை போட்டதெல்லாம் மின்காப்புக் கருவி ஆகிவிடாது. மின்காப்புக் கைக்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரப்படி செய்த பிளையரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஒவ்வொரு கருவியையும் நீர்த்தொட்டியில் 10,000 வோல்ட் கொடுத்துச் சோதித்திருப்பார்கள். குறி இல்லாத பிளையரின் உறை பிடிமானத்துக்கு மட்டும்தான். விலைப்பட்டியலில் இரண்டும் ‘இன்சுலேட்டட் காம்பினேஷன் பிளையர் 200 மி.மீ.’ என்றே வருவதால், குறைந்த விலை எப்போதும் குறி இல்லாததற்கே போகிறது. அதை நம்பிக் கை வைக்கப்போவது மின்சாரத்தில். வெட்டுவாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்குத் தெரியக் கூடாது. மூட்டு ஆடக் கூடாது.

மூலைமட்டத்துக்குச் சோதனை எல்லாப் பட்டறைக்காரருக்கும் தெரியும். நேர்விளிம்பில் வைத்துக் கோடு கிழித்து, புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டும் பிரிந்தால் மட்டம் பொய். வாங்குகிற ஒவ்வொன்றையும் இப்படிப் பார்க்கலாம். மாதிரி எடுக்க வேண்டியதே இல்லை.

இனி ஒப்பந்தப்புள்ளி. இப்போது பட்டியலில் இருப்பது இவ்வளவுதான் (செகண்ட் கட் என்பது நடுத்தர நெருக்கமுள்ள பல்): ‘தட்டை அரம், 250 மி.மீ., செகண்ட் கட், 21 எண்ணம்.’ இதற்கு எதைக் கொடுத்தாலும் விதிப்படி சரிதான். அதையே இப்படி எழுதலாம்: ‘தட்டை அரம், 250 மி.மீ., செகண்ட் கட், ஐ.எஸ். 1931 தரப்படி, கடினத்தன்மை 60 எச்.ஆர்.சி.க்குக் குறையாமல், 54 எச்.ஆர்.சி. சோதனைத் துண்டில் பல் கடிக்க வேண்டும். வளைவு, முறுக்கு கூடாது. வளையத்தோடு கூடிய மரக் கைப்பிடி பொருத்தித் தர வேண்டும்.’ கைப்பிடியை எழுதாமல் விட்டால் கைப்பிடி வராது. வெறும் வாலைப் பிடித்து ராவுகிற பிள்ளையின் உள்ளங்கையில் அது குத்தும். ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ஹேக்ஸா பிளேடுக்கு ஐ.எஸ். 2594, பிளையருக்கு ஐ.எஸ். 3650, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841 என்று இந்தியத் தர எண்கள் இருக்கின்றன. எண்ணை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடக் கூடாது. எதை, யார், எப்போது சோதிப்பார், தேறாவிட்டால் என்ன என்பதும் கூடவே வர வேண்டும்.

நாங்கள் முன்வைக்கும் முறை இது. தொழில்நுட்ப உறையோடு ஒவ்வொரு கருவியிலும் மூன்று மாதிரி வாங்குங்கள். ஒன்றைச் சோதனைக்கு அனுப்புங்கள், ஒன்றைப் பயிற்றுநர் பட்டறையில் உண்மையான வேலைக்குப் பயன்படுத்திப் பார்க்கட்டும், மூன்றாவதை முத்திரையிட்டுப் பண்டகத்தில் வையுங்கள். விலை உறையைத் திறப்பது அதற்குப் பிறகு. சரக்கு வந்ததும் நூற்றுக்கு ஐந்தை, பெட்டியின் மேலடுக்கிலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுத்து, முத்திரையிட்ட மாதிரியோடு ஒப்பிடுங்கள். ஒன்று தேறாவிட்டால் இன்னும் பத்து எடுங்கள். அதிலும் ஒன்று தேறாவிட்டால் முழுச் சரக்கும் திரும்பட்டும். மாதிரியில் நல்லதைக் காட்டிவிட்டு மொத்தத்தில் வேறொன்றை அனுப்புவது இந்த வியாபாரத்தில் பழைய பழக்கம். முத்திரையிட்ட மூன்றாவது மாதிரி அதற்காகத்தான்.

ராக்வெல் இயந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். மெக்கானிக்கல் பிரிவுள்ள பாலிடெக்னிக்குகளின் பொருள்வலிமை ஆய்வகத்தில் அது வழக்கமாக இருக்கும் கருவி. சான்றிதழோடு முடிவு வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மத்திய எம்.எஸ்.எம்.இ. சோதனை மையம் இருக்கிறது. அவசரத்துக்கு, 40 முதல் 65 எச்.ஆர்.சி. வரை படிப்படியாகக் கடினம் கூடும் ஆறு சோதனை அரங்கள் கொண்ட பெட்டி ஒன்று கடையில் கிடைக்கும். எந்த அரம் கருவியைக் கடிக்கிறது, எது வழுக்குகிறது என்று பார்த்தால் கடினம் எந்த இடைவெளியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஐ.டி.ஐ. பண்டகத்திலும் இந்தப் பெட்டி இருக்க வேண்டும்.

குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் என்று எங்களிடம் சொல்லப்படுகிறது. 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் விலையை ஒப்பிடுவது, கேட்ட தரத்துக்குள் வந்தவர்களுக்கு இடையில்தான். தொழில்நுட்பத்துக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்ற இரு உறை முறைக்கும் இடம் இருக்கிறது. கேட்ட தரம் என்ற ஒன்றை நாம் எழுதாமல் விட்டுவிட்டு, விலையின் மேல் பழி போட முடியாது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தியிருக்கிறோம். ரோபோவும் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரமும் வந்திருப்பதில் எங்களுக்கு மெய்யான மகிழ்ச்சி. அதே கட்டிடத்தின் ஃபிட்டர் கூடத்தில் மழுங்கிய அரத்தோடு ஒரு பிள்ளை நிற்பது பணம் இல்லாததால் அல்ல என்பதற்கும் அதுவே சாட்சி.

உள்ளூர்க் கொல்லர்களையும் மறந்துவிட வேண்டாம். லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து உளியும் அரிவாளும் செய்கிறவர்கள் சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தியிலும் இன்னும் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். முனைக்கும் தலைக்கும் வேறு வேறு பதம் போடுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் ஆதரிக்கும் 18 தொழில்களில் சுத்தியல், கருவி செய்பவர்களும் ஒரு பிரிவு. ஆனால் அவர்கள் செய்த உளி அரசுக் கொள்முதலில் நுழைய முடிவதில்லை. வருட வியாபாரம் இத்தனை லட்சம் என்கிற நிபந்தனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வெட்டுளி, பஞ்ச், ஸ்கிரைபர் மூன்றுக்கும் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, அதே அரச் சோதனையை வைத்து வாங்கலாம்.

பிள்ளைகளே செய்துகொள்ளவும் வழி உண்டு. கடினப்படுத்துவதும் பதம் போடுவதும் ஃபிட்டர் பாடத்தில் இருப்பவைதான். உயர்கார்பன் எஃகுக் கம்பியைக் கொடுத்து, முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, மிச்சச் சூடு முனைக்கு ஏறும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊதா வந்ததும், அதாவது 280 டிகிரியை ஒட்டி, மறுபடி தோய்த்தால் வெட்டுளிக்கு ஏற்ற பதம். ஒரு உளியைத் தானே செய்து முடித்த பிள்ளைக்கு, கடையில் வாங்கும் உளியின் குறை தொட்டதும் தெரியும்.

உடனே செய்யக்கூடியதாக ஒன்றைக் கேட்கிறோம். சரக்கு வந்ததும் பண்டகக் காப்பாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார், பணம் போகிறது. அந்தப் படிவத்தில் பயிற்றுநர் கையெழுத்துக்கும் ஓர் இடம் சேருங்கள். பக்கத்திலேயே, எந்தக் கருவியில் எத்தனை மாதிரி எடுத்தார், என்ன சோதனை செய்தார், எத்தனை தேறவில்லை என்று எழுத நான்கு வரி விடுங்கள். தேறாத சரக்கின் பட்டியலைத் துறைக்குள் எல்லா நிலையங்களுக்கும் அனுப்புங்கள்; ஓரிடத்தில் திரும்பிய பெட்டி அடுத்த மாவட்டத்தில் இறங்காமல் இருக்கும். இந்த ஆண்டு கொள்முதலுக்கே இதைத் தொடங்க முடியும். விவரக்குறிப்பு எழுதவும், சோதனைத் துண்டும் தகடும் செய்து தரவும், சரக்கு வரும் நாளில் வந்து நிற்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஃபிட்டர், தச்சு, ஒயர்மேன் பயிற்றுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும்